‘டூ-வா’வுக்குத் தடையில்லை

எங்கள் கொயரின் பின்பாட்டு எங்களை விட்டுவிட்டு ஊருக்குள் போனது ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு. நேரம் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நாலரைக்கு டீயும் மக்ரூனும் வரும், அதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் என் வாயிலிருந்து ‘ஷூ-பி-டூ’ கழன்று, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய், எதிரே இருந்த சைக்கிள் கடைப் பக்கம் திரும்பியது. அதன் பின்னாலேயே சோப்ரானோக்காரிகளின் ‘ஊ’ போனது, டெனர்காரர்களின் ‘வா-வா’ போனது. எங்கள் வாய் இங்கே அசைந்துகொண்டிருக்க, சத்தம் தெருவில் கேட்டது. யாரும் பயப்படவில்லை. லிவிங்ஸ்டன் மாஸ்டர் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, “ஜன்னலைச் சாத்தியிருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பியூலா, வயது ஐம்பத்திரண்டு, தூத்துக்குடியில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில், கொயர் என்போம், இருபத்தாறு வருஷமாக ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். ஆல்ட்டோ பாடுகிறவளை ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். பெண்களின் மேல்குரல் சோப்ரானோவுக்கு ராகம் உண்டு, ஆண்களின் மேல்குரல் டெனருக்கு மினுக்கு உண்டு, அடிக்குரல் பேஸுக்குக் கனம் உண்டு, எங்களுக்கு ஒரே சுரத்தில் பன்னிரண்டு தடவை நிற்பதுதான் வேலை. அப்படி நிற்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா? கொயரில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி.

பாட்டுகள் வந்த கதை சின்னதுதான். லிவிங்ஸ்டன் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சனி ஞாயிறில் எங்கள் கொயர் மாஸ்டர். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தபோது, ஏதோ ஒரு கப்பல்காரன் நடுவில் பெரிய ஓட்டை போட்ட சின்ன ரெக்கார்டுகளை ஒரு பெட்டி நிறைய அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பரண் சுத்தம் பண்ணும்போது மாஸ்டர் அதைக் கண்டெடுத்தார். எல்லாம் அமெரிக்காவில் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய தெருமுனைப் பாட்டு, டூ-வாப் என்று பெயராம். வாத்தியம் எதுவும் இல்லாத நாலைந்து இளவட்டங்கள் விளக்குக் கம்பத்துக்குக் கீழே கூடுவார்களாம், ஒருவன் முன்னால் நின்று உன்னை நினைத்துத் தூக்கம் போச்சு, சோறு போச்சு என்று உருகுவானாம், மற்றவர்கள் அவன் பின்னால் நின்று டூ-வா, ஷூ-பி-டூ, பம்-பம்-பம் என்று அவன் விழுந்துவிடாமல் தாங்கிக்கொண்டே இருப்பார்களாம். முழுக்க முழுக்கக் காதல் பாட்டு.

கொயரின் ஆண்டு விழாவில் இவற்றைத்தான் பாடப்போகிறோம் என்று மாஸ்டர் முடிவு செய்தார். ஆறு பாட்டை எடுத்து, எங்கள் முப்பது பேருக்கும் பங்கு பிரித்து, டோ-ரே-மீயின் முதலெழுத்துகளை வைத்து எங்கள் பக்கத்துக் கொயர்கள் காலங்காலமாகப் பாடும் சோல்ஃபாவில் நாலு குரலாக எழுதினார். நாலு பேர் பாடினதை முப்பது பேர் அப்படியே பாடினால் அது பாட்டு இல்லை, ஊர்வலம் என்பது அவர் கட்சி. அதனால் டெனரை அரைத்தாளம் பிந்தி வரச் சொன்னார், எங்களை ஒரே சுரத்தில் மெத்தை மாதிரி கிடக்கச் சொன்னார், பேஸை மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வரச் சொன்னார், கடைசியில் எல்லாரும் ஒரு சுரக்கோவையில் சேர்ந்ததும் சோப்ரானோவில் ஒரே ஆள் மட்டும் இன்னும் ஒரு படி மேலே ஏறி நிற்க வேண்டும் என்றார். முன்குரலுக்கு வரிகளையும் அவரே தமிழில் எழுதினார். “நீ வரும் தெருவிலே விளக்குக் கம்பமாய் நிற்பேன், நீ போன பின்னும் அணைய மாட்டேன்” என்று ஒரு வரி. கணக்கு வாத்தியாருக்குள் இவ்வளவு இருந்ததா என்று எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சிக்கல் கோயில் கமிட்டியில் வந்தது. செயலாளர் ஆசீர் ஐயா ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டையில் எப்போதும் இரண்டு பேனா.

“காதல் பாட்டை ஆலய வளாகத்துக்குள்ள பாடப்படாது மாஸ்டர். நீங்க பழகுற ஹாலும் வளாகத்துலதான் சேத்தி.”

“பாடாம எப்படிய்யா பழகுறது? விழா டவுன்லதான், பழகுறதுக்கு நமக்கு வேற இடம் இல்லையே.”

“இந்த டூ-வான்னா என்னது?”

“ஒண்ணும் இல்லைய்யா. அதுக்கு அர்த்தம் கிடையாது.”

ஆசீர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்மானம் எழுதினார்: காதல் பொருள் உள்ள வரிகள் வளாகத்துக்குள் எவராலும் உச்சரிக்கப்படலாகாது, டூ-வா, ஷூ-பி-டூ, பம்-பம் ஆகியவற்றுக்குப் பொருள் ஏதும் இல்லை என்று கொயர் மாஸ்டர் உறுதி அளித்தபடியால் அவற்றுக்குத் தடையில்லை.

அப்படியாக மூன்று மாதம் நாங்கள் பின்பாட்டை மட்டும் பாடினோம். முன்குரல் ஹெலனுக்கு. ஹெலனுக்கு வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் வே பிரிட்ஜில் வேலை. அவள் முன்னால் நின்று, தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, காதல் வரிகளைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லுவாள். அவள் பின்னால் நாங்கள் மற்ற எல்லாரும் தாங்கு தாங்கு என்று தாங்குவோம், ஆனால் தாங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. பந்தல்கால் நட்டு வைத்துப் பந்தலே போடாவிட்டால் கால் எத்தனை நாள் சும்மா நிற்கும்? அதுதான் நடந்தது என்று நான் நினைக்கிறேன். பின்பாட்டு தனக்கு ஒரு முன்பாட்டைத் தேடிப் போனது.

முதலில் அகப்பட்டவர் சைக்கிள் கடைக்காரர். கோவில்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சம்சாரத்திடம் போனில், “வீடு வெறிச்சுன்னு கெடக்கு, நாளைக்கே வந்துரு” என்றிருக்கிறார். உடனே அவர் முதுகுக்குப் பின்னால் ஊ என்றும் ஷூ-பி-டூ என்றும் வா-வா என்றும் இருபது முப்பது குரல் எழுந்திருக்கிறது.

“யாரு அங்க பாடுதது?” என்றாள் அந்தப் பெண்.

“தெரியல. நான் பேசினா பாடுது.”

“அப்ப இன்னும் கொஞ்சம் பேசுங்க.”

அவர் பேசினார், அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

அதன்பிறகு ஊரில் எங்கே யார் மனசாரப் பிரியமாக ஒரு வார்த்தை சொன்னாலும் அங்கே பின்பாட்டு போய் நின்றது. சும்மா சொன்னால் வராது, மனசில் இருந்தால்தான் வரும். துபாயில் இருக்கும் மகனிடம் சாப்பிட்டியாடா என்று கேட்ட தாய்மாருக்கெல்லாம் வந்தது. மீன் ஏலத்தில் ஒருத்தி தன் சீலா மீனைத் தடவிக்கொண்டே “இவளைப் பாருங்க, என்ன அழகு” என்றபோது வந்தது. மாதா கோயில் தெருக்காரர்கள், இது உங்கள் சபைக் குரலாயிற்றே, எங்கள் தெருவில் என்ன வேலை என்று முதலில் கேட்டார்கள், பிறகு பள்ளிவாசல் தெருவிலும் சிவன் கோயில் தெருவிலும் அது வஞ்சனை இல்லாமல் பாடுவதைப் பார்த்துச் சமாதானம் ஆனார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் மேடையில் ‘நீங்கள் என் உயிர்’ என்று சொல்லிவிட்டு மூன்று தடவை நிறுத்திப் பார்த்தார், ஜனங்களும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை. அவர் சோடாவைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, டிரைவரிடம் “அந்த ஆட்டுக்குட்டி மேல ஏத்திராதப்பா” என்றார், அப்போது லேசாக ஒரு ஊ வந்தது, அந்த ஊவுக்காகவே சிலர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். சம்பளம், கார், அமெரிக்காவில் அக்கா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், சபை அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கும் அப்படித்தான் ஆனது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வாசலில் அவன் தன் அம்மாவிடம் “வெயில்ல நிக்காதீங்கம்மா, நான் வண்டிய இங்க கொண்டுவாரேன்” என்றதும் மூன்று குரலும் சேர்ந்து அள்ளிக்கொண்டு வந்தன, ஜன்னலோரம் நின்ற பெண் “எனக்குச் சம்மதம்” என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கும் ஒருநாள் வந்தது. அவர் உப்பளத்தில் மேஸ்திரி. தட்டைப் பார்த்துக்கொண்டு “இந்தச் சட்னிக்கு உப்பு போதாது” என்றார், ஷூ-பி-டூ என்று என் குரலே அவர் பின்னால் நின்று பாடியது. அது என் மேல் உள்ள பிரியமா, உப்பு மேல் உள்ள பிரியமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆசீர் ஐயா மாஸ்டரைக் கூப்பிட்டு, கொயரின் உடைமை கொயர் அறையில் இருக்க வேண்டும், உடனே திருப்பிக் கொண்டுவாரும் என்று கடிதமே கொடுத்திருந்தார். அடுத்த வாரம் அவர் தன் வீட்டு முற்றத்தில் சம்சாரத்திடம், “முட்டி வலிக்குதுன்னு சொல்லுத, பெறகு ஏன் மாடிப்படி ஏறுத? துணிய நான் காயப்போடுதேன், கொடு” என்றிருக்கிறார். சுற்றி நாலு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க, ஈரத் துணி வாளியோடு அவர் மாடி ஏறி, கடைசிச் சேலையைக் கொடியில் போட்டு முடிக்கும்வரை பின்பாட்டு அவரை விடவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

எல்லாம் சரி, ஒரு குறை மட்டும் இருந்தது. பாட்டில் அடிக்குரல் இல்லை. பாடத் தெரியாதவர்களுக்குக்கூட அது உறுத்தியது. “நல்லாத்தான் இருக்கு, ஆனா கீழ ஏதோ ஒண்ணு இல்லியே” என்று முடிவெட்டும் கடைக்காரர் என்னிடமே கேட்டார். எங்களுக்கு ஏன் என்று தெரியும். அந்தச் சனிக்கிழமை மூன்று குரல் போனது, நாலாவது போகவில்லை. பேஸ் என்று எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஆள், மற்ற இரண்டு பேரும் வாயசைக்கிற கோஷ்டி. அந்த ஒரே ஆள் தவசிங் அண்ணன்.

தவசிங் அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது, என்னைவிட இளையவர்தான், கொயர் வழக்கத்தில் எனக்கும் அண்ணன். கடற்கரை ரோட்டில் சின்ன பேக்கரி. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரிப்பொடியும் அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அவர் சுடும் மக்ரூன்தான் எங்களுக்கு நாலரை மணிக்கு வரும். மற்றவர்களுக்கெல்லாம் டின்னிலிருந்து எடுத்துக் கொடுப்பார், ஹெலனுக்கு மட்டும் வெண்ணெய்த்தாளில் சுற்றியது தனியாக வரும், அதையும் கையில் கொடுக்க மாட்டார், அவள் சோல்ஃபா தாள் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பதினோரு வருஷமாக அவள் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால்தான் நிற்கிறார். பதினோரு வருஷத்தில் அவளிடம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது நாலு வாக்கியம் இருக்கும், அதில் இரண்டு மழையைப் பற்றி.

குரல்கள் போன அன்று அவர் நெஞ்சைத் தொட்டு, “எனக்கு உள்ளேயே இருக்கு பியூலாக்கா, வெளிய வரமாட்டேங்குது” என்றார். அன்றிலிருந்து மனிதர் கனத்துக்கொண்டே போனார். ஆள் பருக்கவில்லை, சட்டை அதே சட்டைதான், ஆனால் பேக்கரி ஸ்டூல் உடைந்தது, சைக்கிளின் பின் டயர் இரண்டு தடவை வெடித்தது, கோயிலில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சின் மறுமுனையில் இருக்கிறவர் ஒரு விரற்கடை மேலே போனார். அவரும் அதற்கு ஏற்றபடி பதனமாக நடக்கப் பழகிக்கொண்டார். ஊர்க்காரர்களும் அவர் வரும்போது நல்ல நாற்காலியை எடுத்துப் போடப் பழகிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஹெலனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவள் அண்ணன் பார்த்தது, மில்லில் சூப்பர்வைசர், மனைவி இறந்து நாலு வருஷம், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்வதாக ஹெலன் சொல்லியிருந்தாள். அந்த வாரம் வியாழக்கிழமை ஹாலில் வைத்து என்னிடம் சொன்னாள்.

“போன்ல பேசினாரு பியூலாக்கா. மரியாதையாத்தான் பேசினாரு. பின்பாட்டு வரல.”

“வரலைன்னா வேண்டாம்னு சொல்லு.”

“பாட்டு வராமலும் ஜனங்க குடும்பம் நடத்துதாங்க. வேற யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

இதைச் சொல்லும்போது அவள் பார்வை பேஸ் வரிசையில் யாரும் உட்காராமல் கிடந்த நல்ல நாற்காலி மேல் இருந்தது. நேரே மாஸ்டரிடம் போனேன். மாஸ்டர் கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்கி யோசித்துவிட்டு, “இந்தப் பாட்டுகள்ல பேஸ்தான் முதல்ல ஆரம்பிக்கும், மற்றது எல்லாம் பின்னால வந்து சேரும். அதனால தவசிங்தான் வாயத் திறந்து சொல்லணும். சொன்னா உள்ளே இருக்கது வெளிய வரும், மூணு குரலும் வந்து சேரும், எல்லாம் சரியாயிரும்” என்று தீர்ப்புச் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவசிங் அண்ணனைப் பிடித்து, வியர்க்க விறுவிறுக்க ஹாலுக்குக் கூட்டிவந்தோம். ஹெலன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பத்தடி தூரத்தில் நின்று “ஹெலன், நான் உங்ககிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்ததும், வாசலில் ஆசீர் ஐயா இருமினார்.

“மன்னிக்கணும். தீர்மானம் அமல்ல இருக்கு. வளாகத்துக்குள்ள அந்தப் பொருள்ல எதுவும் சொல்லப்படாது.”

“ஐயா, இது பாட்டு இல்லை” என்றேன் நான்.

“எவராலும் உச்சரிக்கப்படலாகாதுன்னு நானே எழுதியிருக்கேன்மா. எழுதினதை நானே மீற முடியுமா?”

தவசிங் அண்ணன் ஓரடி பின்னால் போனார். ஹெலன் தாள்களை மேஜையில் தட்டி நேர் செய்து, வைத்துவிட்டுப் போனாள். வைத்த வேகத்தில் அவளுக்குக் கோபம் என்று எனக்குத் தெரிந்தது, கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. அவளுக்கு வே பிரிட்ஜில் வேலை, எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். ஆட்டோக்காரர் ஏற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் தரையில் உட்காருகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார், அதனால் உப்பு ஏற்றும் குட்டியானை வண்டியில் தவசிங் அண்ணனை நிற்கவைத்து, கையில் வெண்ணெய்த்தாள் பொட்டலத்தோடு, நானும் மாஸ்டரும் முன்னால் உட்கார்ந்து போனோம். பின்னால் ஸ்கூட்டரில் ஆசீர் ஐயா வந்துகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, “வே பிரிட்ஜ் வளாகத்துக்கு வெளியதானான்னு பாக்க வந்தேன்” என்றார். பார்த்தார். வெளியேதான். “அப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டார்.

எடை மேடையில் அப்போது லாரி எதுவும் இல்லை, பின்னால்தான் ஏழெட்டு லாரி வரிசையில் நின்றது. கண்ணாடி அறைக்குள் ஹெலன். அவளிடம் போக வேண்டுமானால் அந்த இரும்பு மேடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தவசிங் அண்ணன் மேடை மேல் காலை வைத்தார், மேடை கிர்ரென்றது, அறைக்கு மேல் இருந்த சிவப்பு எண்கள் ஓடி நின்றன. முந்நூற்று இருபது கிலோ.

டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹெலன் எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். பிறகு டிரைவர்களைக் கூப்பிடும் மைக்கை எடுத்தாள்.

“உங்க எடை எவ்வளவு?”

“எழுபத்தெட்டு” என்றார் அவர்.

“மிச்சம்?”

அவர் காலடியில் இருந்த இரும்பு மேடையைக் குனிந்து பார்த்தார்.

“லோடு எடை பாத்தாச்சு. எறக்காம காலி எடை போட முடியாது. எறக்குங்க.”

ஒலிபெருக்கியில் அது துறைமுகச் சாலை முழுக்கக் கேட்டது. தவசிங் அண்ணன் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதினோரு வருஷத்தையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொன்னார்.

“ஹெலன், நீங்க கோயம்புத்தூர் போக வேண்டாம், எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.”

நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. ஊ இல்லை, ஷூ-பி-டூ இல்லை, வா-வா இல்லை. உப்புக் குவியல் மேல் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எண் முந்நூற்று இருபதிலேயே நின்றது. இரண்டு மாதமாகப் பின்பாட்டை வைத்தே எதையும் நம்பிப் பழகிய ஊர் எங்கள் ஊர், முதல் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அண்ணாச்சி, சத்தம் வரலியே” என்று வருத்தமாகச் சொன்னார். தவசிங் அண்ணனின் முகம் செத்துவிட்டது. அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பொட்டலத்தை மேடை மேல் வைத்துவிட்டு, சோல்ஃபா தாள் மேல் வைத்துவிட்டு நகருகிற அதே மாதிரி, திரும்பி நடக்கத் தொடங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாஸ்டரை அங்கேயே நாலு அறை அறையலாமா என்றிருந்தது.

“நில்லுங்க” என்றது ஒலிபெருக்கி.

ஹெலன் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மைக்கின் வயர் அதற்கு மேல் நீளாது, அதை மேஜையில் போட்டுவிட்டு வெறும் குரலில் பேசினாள், அது மைக்கைவிட நன்றாகக் கேட்டது.

“கொயர்ல எல்லாப் பொம்பளையும் எல்லா ஆம்பளையையும் அண்ணன்னுதான் கூப்பிடுதோம். மாஸ்டரைக்கூட லிவிங்ஸ்டன் அண்ணன்னு கூப்பிட்டிருக்கேன். பதினோரு வருஷத்துல உங்கள ஒரு தடவையாவது அண்ணன்னு கூப்பிட்டிருக்கேனா?”

ஐயோ, என்று என் வாயில் என்னையறியாமல் வந்துவிட்டது. எல்லாரையும் பார்க்கிறேன், எல்லாம் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்கிறேன், இதை நான் கவனிக்கவே இல்லை. ‘இங்க பாருங்க’ என்பாள், ‘தாளைக் கொஞ்சம் தாங்க’ என்பாள், ‘மக்ரூன் நல்லா இருந்துச்சு’ என்பாள், எல்லாம் பெயரில்லாமல், முறையில்லாமல். கூப்பிடாமல் கூப்பிட்டிருக்கிறாள் பதினோரு வருஷம்.

மேடையின் ஓரத்தில் நின்றுவிட்ட தவசிங் அண்ணன் திரும்பினார். அப்போதுதான் சத்தம் வந்தது. முதலில் சோப்ரானோவின் ஊ, உப்புக் குவியல்களுக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு டவுன் பக்கமிருந்து டெனரின் வா-வா, அரைத்தாளம் பிந்தி, மாஸ்டர் எழுதின மாதிரியே. என் ஷூ-பி-டூ என் காதோரமாகத் தாண்டிப் போய் ஹெலன் பின்னால் நின்றது. அப்புறம் எதிரே நின்ற தவசிங் அண்ணனின் வாய் தானாகத் திறந்தது, அவர் திறக்கவில்லை, அது திறந்தது, உள்ளேயிருந்து பம் என்றது, பம் என்றது, பம்-பம்-பம் என்று படிப்படியாக இறங்கியது, இறங்க இறங்க சிவப்பு எண்ணும் இறங்கியது, முந்நூறு, இருநூற்று அறுபது, நூற்றெழுபது. லாரிக் கதவுகள் அதிர்ந்தன. மாஸ்டர் தன்னையறியாமல் கையைத் தூக்கித் தாளம் போட்டார். அவர் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்கு அப்போது விளங்கியது. பேஸ் பாடுகிறவன் முதலில் ஆரம்பிப்பான் என்பது சரிதான், ஆனால் வரி ஒருநாளும் அவனுடையது இல்லை. முன்பாட்டு ஹெலனுடையது, மூன்று மாதம் உதட்டால் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டு நின்றவளும் அவள்தான். வியாழக்கிழமை வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் சொன்னபோது, தானும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

எண் எண்பதில் வந்து நின்றது. அந்த மேடையில் பத்துப் பத்தாகத்தான் ஏறும் இறங்கும்.

ஹெலன் உள்ளே போய்ச் சீட்டு அடித்தாள். லோடு எடை முந்நூற்று இருபது, காலி எடை எண்பது, நிகர எடை இருநூற்று நாற்பது. சரக்கு என்ற இடத்தில் உப்பு என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, என்ன எழுதுவது என்று யோசித்து, ஒன்றும் எழுதாமல் விட்டாள். பிறகு மேடையில் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, வரிசையைப் பார்த்து “அடுத்த வண்டி” என்றாள்.

ஆண்டு விழாவில் ஆறு பாட்டும் பாடினோம். குரல்கள் எங்கள் தொண்டைக்குத் திரும்பிவிட்டன, அவரவர் குரல் அவரவருக்கு, என்னுடையது மட்டும் கொஞ்சம் மீன்வாடை அடித்தது. அதன்பிறகு ஊருக்குள் பின்பாட்டு தானாக வருவதில்லை. ஜனங்களுக்கு அது ஒரு குறையாகவும் இல்லை. யாராவது யாரிடமாவது பிரியமாக ஒரு வார்த்தை சொன்னால், பக்கத்தில் நிற்கிறவர் வேலையை நிறுத்திவிட்டு அவரே டூ-வா என்று பாடிவிடுகிறார். பஸ்ஸில் பாடுகிறார்கள், ரேஷன் கடையில் பாடுகிறார்கள், சுருதி சேருவதில்லை, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஜனவரியில் எங்கள் கோயிலிலேயே கல்யாணம். குருவானவர் கேட்டதற்குத் தவசிங் அண்ணன் மெல்லச் சம்மதம் சொன்னார். ஹெலன் சொன்னது கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. வளாகத்துக்குள் அந்தப் பொருளில் உச்சரித்தாகிவிட்டது, தீர்மானம் இன்னும் அமலில்தான் இருக்கிறது, கொயர்காரர்கள் நாங்கள் எல்லாரும் ஆசீர் ஐயாவைப் பார்த்தோம். அவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்த இரண்டு பேனாவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் ஒரு சுரமும் சரியாகப் பிடிக்காத அந்த மனிதர், பக்கத்தில் இருந்த தன் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, டூ-வா என்றார்.